காவிரிக் கரையில் வளர்ந்தும் நீச்சல் தெரியாதவர்கள் இங்கே யாரேனும் உண்டா?

ஊற்றுமணல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு கேள்வியைப் பொதுவில் வைக்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், காவிரிப் படித்துறையிலிருந்து எட்டாவது வீட்டில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே வளர்ந்தவன் நான். இப்போது சென்னையில், நீச்சல் குளம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சென்ற மாதம் இளைய மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பயிற்சியாளர் ஒரு மரியாதைக்காக, "சாருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டு, "எங்கப்பா காவேரிக் கரையில பிறந்தவர், அவருக்குத் தெரியாம இருக்குமா?" என்று சொல்லிவிட்டாள். அவரும் மகிழ்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பெற்றோர் பந்தயத்தில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் எனக்கு ஞாயிறுதோறும் முதுகுவலி வருகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு நீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போடுவேன். அதற்கு மேல் காவிரிக்கும் எனக்கும் பழக்கம் இல்லை. என் மனைவி இதைச் சோம்பல் என்கிறாள். நானோ, பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிறவர்களும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறவர்களும் ஒருநாளும் கலந்து பேசாததன் விளைவு என்று கருதுகிறேன்.

என் தரப்பைக் கேளுங்கள். ஏப்ரல் கடைசியில் மூடும் பள்ளி ஜூன் முதல் வாரத்தில் திறக்கும். மேட்டூர் அணையோ ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுவது வழக்கம். ஆகையால் முழு ஆண்டு விடுமுறை முழுவதும் எங்கள் கண்முன்னே கிடந்தது கரைக்குக் கரை வெறும் மணல். நாங்கள் மொடமொடக்கும் புதுச் சீருடையுடன் பள்ளிக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும், நாங்கள் போவதற்காகவே காத்திருந்ததுபோல் ஆறு வந்து சேரும். காலாண்டு விடுமுறையில் இருகரையும் தொட்டுக்கொண்டு ஓடும். "அந்தப் பக்கம் தலையைக் காட்டினால் காலை முறித்துவிடுவேன்" என்பார் அப்பா. அரையாண்டு விடுமுறையில் மார்கழிக் குளிர்; "சளி கட்டிக்கொள்ளும்" என்பார் பாட்டி. பொங்கல் விடுமுறை கரும்புக்கே போதாது. பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் அணையை மூடிவிடுவார்கள்.

எனவே ஆற்றில் நாங்கள் கற்றுக்கொண்டது கிரிக்கெட். ஆற்று மணலில் ஆடியவர்களுக்குத் தெரியும், அங்கே பந்து எழும்பாது. குத்திய இடத்திலேயே புதைந்து நிற்கும். அதனால் எங்கள் ஊர்ப் பந்துவீச்சாளர்கள் அத்தனை பேரும், நடுவில் தரையைத் தொடாமல் நேரே மட்டைக்கு வருகிற பந்தை மட்டுமே வீசத் தெரிந்தவர்கள். பிற்பாடு கல்லூரியின் சிமென்ட் தளத்தில், தரையில் குத்தி நெஞ்சுக்கு எழும்பி வந்த முதல் பந்தைக் கண்டு நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். மட்டை, தென்னை மட்டையைச் செதுக்கியது. ஸ்டம்புகள், பூவரசங் கிளையை ஒடித்துச் சீவியவை; மணலில் அவற்றை ஊன்றுவதும் எளிது, பந்து படாமலே அவை சாய்வதும் எளிது. நாணல் புதருக்குள் பந்தை அடித்தவர் ஆட்டமிழந்தவராவார், ஏனென்றால் அதைத் தேட அரைமணி நேரமாகும், பல நேரங்களில் கிடைக்கவே கிடைக்காது. ஊற்றுக்குள் அடித்தால் இரண்டு ஓட்டங்களும், ஊற்றுக்குச் சொந்தக்காரப் பாட்டியிடம் வசவும் கிடைக்கும்.

பதினோரு மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கிவிடும். அப்போது கரையோரம் படிந்து வெடித்துக் கிடக்கும் வண்டலைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு மூங்கில் நிழலுக்குப் போவோம். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் படிமங்களை வார்ப்பதற்கு மெழுகின்மேல் பூசுகிற அதே காவிரி வண்டல்தான். எங்கள் கையில் அது பிள்ளையாராகத் தொடங்கி, தும்பிக்கை நிற்காமல் அம்மிக்கல்லாக மாறி, கடைசியில் ஒருவர் முதுகில் மற்றொருவர் எறியும் உருண்டையாக முடிந்துபோகும்.

காவிரிப் பாசனப் பகுதியில் வளர்ந்த அன்பர்களிடம் நான் அறிய விரும்புவது இதுதான். நீங்கள் நீச்சல் கற்றீர்களா? கற்றீர்கள் என்றால், ஆண்டின் எந்த மாதத்தில், யாருடைய அனுமதியோடு கற்றீர்கள்? என் தரப்பில் நியாயம் உண்டா, அல்லது இத்தனை ஆண்டுகளாக நான் மேட்டூரின்மேல் வீண்பழி சுமத்திக்கொண்டிருக்கிறேனா?

அரசலாறு எழுதியது:

அன்புள்ள ஊற்றுமணல் அவர்களுக்கு, முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், தங்கள் வாதத்தைத் திருத்தாமல் விட என் கை ஒப்பவில்லை. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, அவ்விரு நாட்களையும் சேர்த்து எண்ணினால் 231 நாட்கள் வருகின்றன. அதாவது மிகச் சரியாக 33 வாரங்கள். தண்ணீர் தங்கள் ஊர் வந்து சேர ஒரு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழைக்கு நான்கு வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவன 28 ஞாயிற்றுக்கிழமைகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழு ஆண்டுகள் என்று கொண்டால் 196 ஞாயிறுகள். அந்த 196 ஞாயிறுகளிலும் தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைத் தங்கள் கடிதம் சொல்லவில்லை. தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்தீர்கள், மாலையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் தூர்தர்ஷனின் தமிழ்ப் படத்துக்கு இடம் பிடித்தீர்கள் என்பது என் ஊகம்.

மேலும், கற்க வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். மதிய உணவு இடைவேளைக்குப் பின் வகுப்பில் சில இடங்கள் காலியாக இருக்கும். கடைசி மணிக்குச் சற்று முன் அவை நிரம்பும். வந்தவனை விசாரித்தால் வயிற்றுவலி என்பான். அவனுடைய முன்னங்கையை நீட்டச் சொல்லி, நகத்தால் ஒரு கோடு கிழித்துப் பார்ப்பேன். ஆற்றில் ஊறி வெயிலில் காய்ந்த தோலில் அந்தக் கோடு சுண்ணாம்பில் வரைந்ததுபோல் வெள்ளையாகத் தெரியும். இதற்குச் சாட்சியும் வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம்.

சில ஆண்டுகளில் பிள்ளைகள் இதற்கும் மாற்று கண்டுபிடித்தார்கள். குளித்து ஏறியவுடன் கைகால்களில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்தார்கள், கோடு விழவில்லை. அதன் பிறகு, மதியத்துக்கு மேல் கை மினுமினுத்தவர்களை நான் கோடு கிழிக்காமலே பெஞ்சின்மேல் ஏற்றினேன். அவர்களில் எவருக்கும் கணக்கு வரவில்லை, எல்லோருக்கும் நீச்சல் வந்தது. தங்களுக்குக் கணக்கு நன்றாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய லஸ்கர் எழுதியது:

ஐயாமார்களுக்கு வணக்கம். பொதுப்பணித் துறையில், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராகச் சேர்ந்து, காவிரியின் ஒரு கிளையாற்றுச் சட்ரஸில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பலகைகளை ஏற்றியும் இறக்கியும் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற அமைப்பை எங்கள் பக்கத்தில் சட்ரஸ் என்றே சொல்வோம். தண்ணீர் விடுகிறவர்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்திருப்பதால் பதில் சொல்ல வேண்டியவனாகிறேன்.

தண்ணீர் விடுவது குறுவை நாற்றுக்காக. பிள்ளைகள் குளிப்பதற்காக அன்று. ஜூன் 12 என்பதும் அணையில் போதிய நீர் இருந்தால்தான். குடகில் மழை பிந்தினால் இங்கே தேதி ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் தள்ளிப்போகும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020இல்தான் மறுபடியும் ஜூன் 12 ஜூன் 12ஆக இருந்தது. 2022இல் வழக்கத்துக்கு மாறாக மே 24 அன்றே திறந்தார்கள். அந்த ஆண்டு பள்ளிகள் ஜூன் 13இல்தான் திறந்தன. ஆகவே ஊற்றுமணல் ஐயா கேட்ட ஏற்பாடு அந்த ஆண்டு நடந்தது, அவர் அதற்கு முப்பது ஆண்டு முன்பே பள்ளியை முடித்துவிட்டார்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாட்களாகும். அங்கே பூவும் நெல்லும் தூவிக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் திறந்து விடுவார்கள்; அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போகும். மேல் சட்ரஸிலிருந்து தொலைபேசியில் செய்தி வரும். அந்தச் செய்தி எனக்கு வருமுன்னே ஊரில் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கும்.

முதல் தண்ணீர் வருவதைப் பார்க்காதவர்கள் அதை வெள்ளம்போல் பாய்ந்து வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி வராது. ஐந்து மாதம் காய்ந்த மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். தண்ணீரின் தலை ஒரு முழம் முன்னே வரும், நிற்கும், பள்ளத்தைத் தேடும், பக்கவாட்டில் விரல் விரலாகப் பிரியும், பிறகு ஒன்றுசேர்ந்து இன்னொரு முழம் நகரும். மணலுக்குள்ளிருந்து காற்று புஸ்ஸென்று குமிழியிட்டுக்கொண்டு வெளியேறும். அந்த ஓசையும் அப்போது எழும் மண்வாசனையும் ஆண்டுக்கு ஒரே ஒரு நாளுக்கு உரியவை. குழந்தைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, கோயில் யானையை அழைத்து வருவதுபோல் ஊருக்குள் கூட்டி வருவார்கள். பெண்கள் சூடம் ஏற்றிக் கும்பிடுவார்கள். எங்கள் பகுதியில் அந்தத் தண்ணீரை அன்று யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். அவ்வளவு குப்பை வரும். நுரை, சருகு, கொட்டாங்கச்சி, ஒற்றைச் செருப்பு, சாயம் போன மாலை எல்லாம் என் பலகையில் வந்து முட்டி நிற்கும்.

இன்னொன்றும் வரும். ஒவ்வோர் ஆண்டும் முதல் தண்ணீரில் ஐந்தாறு ரப்பர் பந்துகள் மிதந்து வரும். மேலே உள்ள ஊர்களின் நாணல் புதர்களில் கோடை முழுவதும் தொலைந்த பந்துகள் அவை. நான் அவற்றை எடுத்துக் கழுவி, சட்ரஸ் ஜன்னலில் வரிசையாக அடுக்கி வைத்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். இவற்றை யார் தொலைத்தார்கள் என்று அப்போதெல்லாம் யோசித்ததுண்டு. இன்று தெரிந்துகொண்டேன்.

முளைப்பாலிகை எழுதியது:

எல்லோரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு குறை. ஊற்றில் பந்தை அடித்தால் பாட்டியிடம் வசவு கிடைக்கும் என்று ஊற்றுமணல் அண்ணன் ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அந்த ஊற்றுக்குப் பக்கத்தில், குடத்தோடு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி நான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோடையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் அந்த ஊற்றுதான். மணலை இரண்டடி தோண்டினால் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும்; அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டு, பக்கவாட்டு மணல் சரியாதபடி கையால் அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு தெளிந்து வரும் நீரைக் கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக மொண்டு, குடத்தின் வாயில் கட்டிய துணிவழியே ஊற்றினால், ஒரு குடம் நிறைய ஏறக்குறைய கால்மணி நேரமாகும். எனக்கு நாளொன்றுக்கு ஐந்து குடம் கணக்கு. இதற்கு நடுவில் ஓர் அண்ணன் அடித்த பந்து வந்து விழுந்தால், கரை சரிந்து, நீர் கலங்கி, மறுபடியும் இறைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு ஓட்டம், எங்களுக்கு அரைமணி. உங்கள் பந்துகள் எல்லாம் நாணலில்தான் தொலைந்தன என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு நெற்குதிரில் ஒரு காலத்தில் பதினான்கு பந்துகள் இருந்தன.

நீச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கற்றது ஆற்றில் அன்று, கோயில் குளத்தில், ஒன்பதாவது வயதில். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. துணி துவைக்கப் போன இடத்தில் கற்றது. பாவாடையை நனைத்து, நீரில் இறங்கும்போது காற்றை உள்ளே பிடித்து, ஓரங்களைக் கையில் இறுக்கிக்கொண்டால் அது குடைபோல் உப்பி நம்மைத் தாங்கும். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு நெற்றுத் தேங்காய்களை முடிந்து இடுப்பில் கட்டிவிட மாமாவோ சித்தப்பாவோ வேண்டியிருந்தது. எங்களுக்குப் பாவாடையே போதும். பதிமூன்றாவது வயதில், அதே பாவாடைக்குமேல் தாவணி வந்ததும், குளம் முடிந்துபோயிற்று.

ஆடிப் பதினெட்டு மட்டும் விதிவிலக்கு. அன்று எங்கள் பக்கத்தில் சிறுவர்கள் சாமி படம் ஒட்டிய சப்பரத்தட்டியைக் கடகடவென்று தெருவில் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருவார்கள். நாங்கள் முளைப்பாலிகை (முளைவிட்ட தானியம்), காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் சரடு எல்லாம் கொண்டுபோய், மணலில் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூசை செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஆற்றில் விடுவோம். முளைப்பாலிகையை முழங்கால் ஆழத்தில் விட்டால் அது கரைக்கே திரும்பி வரும் என்று அம்மாவிடம் சொல்லி, அதை ஓட்டத்தில் கொண்டுபோய் விடும் பொறுப்பை ஒவ்வோர் ஆண்டும் நானே ஏற்றுக்கொண்டேன். அது கரைக்குத் திரும்பி வராது என்பது அம்மாவுக்கும் தெரியும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று வரிசையாக வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வாடி" என்று மட்டும் சொல்வார்.

சென்ற ஆண்டு போயிருந்தேன். மணல் போய் ஆற்றின் தரை ஓர் ஆள் உயரம் இறங்கிவிட்டது. படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் நிற்கிறது. அங்கே இப்போது ஊற்றும் இல்லை, பந்து விழுந்தால் எழும்பும் அளவுக்குத் தரை கெட்டியாக இருக்கிறது.

கடைமடை எழுதியது:

தலைஞாயிறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் ஜூன் மாதம் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேசுவதைப் படிக்கும்போது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் பாயசத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதுபோல் இருக்கிறது. நாங்கள் கடைசிப் பந்தி. மேலே இருப்பவர்கள் எல்லோரும் நாற்றுவிட்டு முடித்தபின் மீந்தது எங்களுக்கு வரும். பல ஆண்டுகளில் எங்கள் அரிச்சந்திரா நதிக்குத் தண்ணீரும் எங்கள் பள்ளிக்குக் காலாண்டுத் தேர்வும் ஒரே நேரத்தில் வந்தன.

ஆனால் நீச்சலுக்கு நாங்கள் ஆற்றை நம்பியிருக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானத்திலிருந்து வருவதும், மேலே உள்ளவர்கள் வேண்டாமென்று வடியவிடுவதும், கடல் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதும் ஒன்றுசேர்ந்து திண்ணைவரை வரும். அப்போது பள்ளிக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள். ஊற்றுமணல் ஐயா கேட்ட இரண்டும், அதாவது விடுமுறையும் தண்ணீரும், ஒரே நாளில் கிடைத்த ஊர் எங்களுடையதுதான். வாழைமரம் இரண்டைச் சேர்த்துக் கட்டி, தெருவிலேயே கற்றோம்.

லஸ்கர் ஐயாவின் பந்துக் கதையைப் படித்தபின் ஓர் ஐயம் தீர்ந்தது. எங்கள் தெருவில் யாரும் பந்து வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை; ஆனால் எப்போதும் பந்து இருந்தது. எங்களுக்கு வருவது வெண்ணாற்றுத் தண்ணீர் என்பதால், அவை ஊற்றுமணல் ஐயாவின் பந்துகளாக இருக்க வாய்ப்பில்லை. வெண்ணாற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் நீடாமங்கலத்தார் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

பதினாறு கண் எழுதியது:

நீங்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த ஆறு, அந்த நான்கரை மாதமும் எங்கள் ஊரில்தான் இருந்தது. நான் மேட்டூர்க்காரன். குற்றவாளிக் கூண்டில் நிற்பது எங்கள் ஊர் என்பதால் இரண்டு வார்த்தை.

1934இல் கட்டி முடித்த நாளிலிருந்து எங்கள் ஊருக்கு அணைதான் கடிகாரம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி என்பதை, பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்த பிள்ளைகள் நாங்கள். உங்களுக்கு மணல் வெளிப்படும் கோடையில் எங்களுக்கும் ஒன்று வெளிப்படும். பண்ணவாடிப் பக்கத்தில் நீர் இறங்க இறங்க, அணை கட்டியபோது மூழ்கிய பழைய தேவாலயத்தின் கோபுரம் முதலில் தலை காட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி எழுந்து வரும். முழு ஆண்டு விடுமுறையில் எங்களை அழைத்துப்போன சுற்றுலா அதுதான். நந்தியைப் பார்த்துவிட்டால் எங்கள் தாத்தா மட்டும் மகிழ மாட்டார். "இது தெரிகிற ஆண்டு தஞ்சாவூருக்குத் தாமதம்தான்" என்பார். அவருக்குத் தஞ்சாவூரில் ஒரு காணி நிலமும் இல்லை, ஓர் உறவினரும் இல்லை.

ஜூன் 12இல் அமைச்சர்கள் வந்து பொத்தானை அழுத்தித் திறக்கும் காட்சியை நாங்கள் ஆண்டுதோறும் கண்டு களித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று எங்களுக்கும் பள்ளிக்கூடம். அணை நிரம்பி உபரிநீரைப் பதினாறு கண் மதகில் திறந்தால்தான் ஊரே பாலத்துக்கு ஓடும். அப்போதுகூடச் சாரலில் சட்டை நனைந்ததற்கு வீட்டில் உதை விழுந்தது. ஆடிப் பெருக்குக்கு வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாக வந்து நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, மீன் வறுவல் தின்றுவிட்டுப் போவார்கள். நாங்கள் கரையில் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தோம்.

எனக்கும் நீச்சல் தெரியாது. பக்கத்தில் 93.47 டி.எம்.சி.யை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விட மாட்டாள்.

ஊற்றுமணல் எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அரசலாறு ஐயாவின் 196 ஞாயிறுகளுக்கு என்னிடம் மறுமொழி இல்லை; எண்ணெயும் தூர்தர்ஷனும் உண்மை. முளைப்பாலிகை அவர்களே, நெற்குதிர்ப் பந்துகளில் ஒன்று பச்சைநிறத்தில், ஒரு பக்கம் பேனாவால் நட்சத்திரம் வரைந்ததாக இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்காக 1986இல் என் தம்பியை அடித்துவிட்டேன். பதினாறு கண் அவர்களே, மேட்டூர்மேல் சுமத்திய குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்த இழை முழுவதையும் நேற்று இரவு மகளுக்குப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டினேன் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருள். அவள் சிரித்து ஓய்ந்தபின், காலை ஆறு மணி வகுப்பில் என்னையும் சேர்த்துவிட்டாள். அந்த வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவருக்கு ஒன்பது வயது. மூன்றரை அடி ஆழத்தில், நுரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து சுவர்வரை கால் உதைத்துப் போய்வரச் சொன்னார் பயிற்சியாளர். "காவேரியில இதெல்லாம் உங்களுக்குத் தூசு சார்" என்று அவர் இன்னமும் சொல்கிறார். பந்தயப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பின்னும் அவருக்கு நம்பிக்கை போகவில்லை.

ஏறி வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பக்கத்தில் அமர்ந்து, என் முன்னங்கையை இழுத்து, நகத்தால் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிந்தது.